சாணி டொக்குத்தரும் பன்னிரண்டு தீப்பெட்டியும்

மாடு வாங்குகிறவன், விற்கிறவன், கும்பிடுகிறவன், களவெடுக்கிறவன் எல்லாரும் மாட்டை முன்னாலே நின்றுதான் பார்ப்பார்கள். பின்னாலே நின்று மட்டும் பார்த்தவன் வன்னி முழுவதிலும் ஒருத்தன்தான் இருந்தான். அக்கராயனில் எங்கள் பட்டிக்குள் அவன் நாலு வருடம் வந்து போனான். ஒரு மாட்டின் முகத்தையாவது சரியாகப் பார்த்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வால் பக்கத்தைக் காட்டினால், "இது மயிலை" என்பான். முகத்தைக் காட்டினால், "இது ஆரின்ர மாடு அன்ரி?" என்பான்.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் சாணி டொக்குத்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைச் சோதனைச் சாவடியில் நிற்கிறவர்கள் மட்டும் வாசித்தார்கள்.

அவனுடைய தாய் செல்லம்மா எங்கள் வயலில் புல்லுப் பிடுங்கியவள். மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய சனம். மகன் கம்பசுக்கு எடுபட்டான் என்று கடிதம் வந்த அன்று, பிடுங்கிய புல்லைக் கையில் வைத்துக்கொண்டே வரம்பால் ஓடிவந்தாள்.

"எம்புள்ள மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போவுதும்மா."

எனக்கும் சந்தோசம்தான். இனி எங்கள் மாடுகளுக்கு ஊசி போடக் கிளிநொச்சிக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை என்று ஒரு எண்ணமும் உள்ளுக்குள் ஓடியது. அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட்டவன், கம்பசில் இருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது உறவுக்காரன் மாதிரி அன்ரி என்றான். அந்த விடுமுறை முழுக்க நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் எனக்கும் பழகிவிட்டது.

அந்த நாளில் சண்டையால் கம்பஸ் திறந்திருந்த நாளைவிடப் பூட்டியிருந்த நாள் கூட. நாலு வருடப் படிப்பை அவன் ஏழு வருடம் படித்தான். படித்து முடித்து, பாதை திறந்த ஒரு நாளில், கறுத்த மரப்பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினான். பெட்டிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு பழைய நுணுக்குக்காட்டி. கம்பசில் கழித்துப் போட்டதை ஒரு வாத்தியார் அவனுக்குக் கொடுத்தாராம். அடியில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் வெயில் பட்டால்தான் மேலே கண்ணுக்குத் தெரியும்.

வந்த அன்றே நான் அவனை எங்கள் காரிப் பசுவிடம் கூட்டிப் போனேன்.

"காரிக்கு மடி வீங்கிக் கிடக்கு. ஊசியைப் போடு."

"அன்ரி, நான் ஊசி போடுற டொக்குத்தர் இல்லை."

"பின்னே, குளிசையோ?"

"குளிசையும் இல்லை. மிருகத்துக்கு வைத்தியம் செய்யிறது ஒரு படிப்பு. மிருகத்துக்கு ஏன் வருத்தம் வருது, எதால வருது, எப்பிடிப் பரவுதெண்டு பார்க்கிறது இன்னொரு படிப்பு. நான் படிச்சது ரெண்டாவது."

"அப்ப நீ வருத்தத்தை மாத்த மாட்டாய்?"

"மாத்துறது அவையின்ர வேலை. கண்டுபிடிக்கிறது எங்கட வேலை."

"வீங்கினதை நானே கண்டுபிடிச்சிட்டன். இதுக்கோ ஏழு வருசம்?"

அவன் கோபிக்கவில்லை. காரியின் பின்பக்கம் போய்க் குனிந்து, "சாணி கொஞ்சம் எடுக்கலாமோ அன்ரி?" என்று கேட்டான். பெயர் அன்றைக்கே வைத்தாயிற்று.

பிறகு ஊர் முழுக்க ஒரே கேள்வி. இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்? கேட்கிறவர்களுக்கெல்லாம் அவன் பொறுமையாக நின்று சொல்லுவான். ஆய்வுகூடத்தில் வேலை செய்யலாம். அக்கராயனில் ஆய்வுகூடம் என்று சொல்வதானால், பள்ளிக்கூட அலுமாரிக்குள் இருந்த மூன்று கண்ணாடிக் குழாய்தான். தடுப்பு மருந்து செய்கிற இடத்தில் வேலை செய்யலாம். தலையிடிக் குளிசையே தடை தாண்டித்தான் வன்னிக்குள் வரவேண்டி இருந்தது. பால்மா செய்கிற இடத்தில் பாலைச் சோதிக்கலாம். பால்மா பேணியைக் கண்டே ஒரு வருடம். மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்யலாம் என்று அவன் சொன்ன அன்று, முன்வீட்டு மணியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டா:

"தம்பி, யானை பார்க்க இஞ்ச ஆர் வெளிக்கிட்டுப் போறது? அது தானாத்தானே வயலுக்கு வருது."

செல்லம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. குனிந்தால் நிமிர ஒருவர் கைகொடுக்க வேண்டும். மகனுக்கு ஒரு வேலை கிடைத்தால் சேற்றில் இறங்குவதை விட்டுவிடலாம் என்று ஏழு வருடம் பார்த்திருந்தவள். இப்போது எட்டாவது வருடம். படித்த மகன் சாணி பொறுக்க, தாய் புல்லுப் பிடுங்கினாள்.

சாணி பொறுக்கினான் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு மாட்டின் சாணியையும் தனித்தனித் தீப்பெட்டியில், உள்ளே வாழையிலைத் துண்டு வைத்துப் போட வேண்டும். தீப்பெட்டி அப்போது வன்னியில் தங்கம். ஒரு குச்சியைப் பிளேட்டால் இரண்டாகக் கிழித்துப் பாவித்த காலம். அடுத்த வீட்டு அடுப்பில் தணல் வாங்கி எங்கள் அடுப்பை மூட்டிய காலம். இவன் சைக்கிளில் வீடு வீடாகப் போய், "வெறும் பெட்டி இருக்கோ?" என்று கேட்பான். தணல் வாங்க வந்தவர்களும் இவனும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்கள்.

என்னிடம் ஒருநாள் தேத்தண்ணி வடியைக் கேட்டான். கொடுத்தேன். கொஞ்சம் உப்பும் கேட்டான். அதையும் கொடுத்தேன். சாணியை உப்புத் தண்ணீரில் கரைத்து வடித்து வைத்தால் வயிற்றுப் பூச்சியின் முட்டை மேலே மிதக்குமாம். எதால் வடித்தான் என்று நான் கேட்கவில்லை. கழுவித்தான் கொண்டுவந்து தந்தான். அந்த வடியை அவனுக்கே சீதனமாகக் கொடுத்துவிட்டேன்.

சீதனம் என்றதும் நினைவு வருகிறது. துணுக்காயில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. தரகர் அங்கே போய் டொக்குத்தர் மாப்பிள்ளை என்று சொல்லி வைத்திருக்கிறார். பெண் பார்க்கப் போன நேரம் அவர்களுடைய பசு கன்று போட முடியாமல் நின்றிருக்கிறது. பெண்ணின் தகப்பன் கடவுளே வந்த மாதிரி ஓடிவந்து இவன் கையைப் பிடித்தாராம். இவன், அது எங்கட பகுதி இல்லை என்று தொடங்கி, பகுதிகளை விளக்கப்படுத்தி முடிக்க முன்னம் பசு தானாகக் கன்று போட்டுவிட்டது. இவன் கன்றைப் பார்த்தானா, பெண்ணைப் பார்த்தானா? தாய்ப்பசுவின் சாணிக்குத் தீப்பெட்டி கேட்டிருக்கிறான். அந்தச் சம்பந்தம் தேத்தண்ணியோடு முடிந்தது.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கக் கூப்பிட்டார்கள். சம்பளம் இல்லாத தொண்டுதான் என்றாலும் போனான். இரண்டாவது கிழமை, ஐம்பது பிள்ளைகள் ஐம்பது வீட்டுச் சாணியோடு வகுப்புக்கு வந்தார்கள். மூன்றாவது கிழமை அதிபர் அவனை நன்றி சொல்லி அனுப்பி வைத்தார்.

பொம்பர் வந்தால் சனம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடும். இவன் கறுத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஒருமுறை எங்கள் வளவுப் பங்கருக்குள் பெட்டியைப் பத்திரமாக இறக்கி வைத்தான். பிறகு அவனுக்கு இடம் இல்லை. தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, மாட்டில் தான் பார்க்கிற அதே பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தான். "பொம்பர்காரன் நல்லாப் பாத்துக் கண்டுபிடிக்கட்டும்" என்று உள்ளே இருந்து மணியக்கா சொன்னா. குண்டுக்குப் பயந்து அழுத சனம் எல்லாம் சிரித்தது.

இப்படி இருக்கிற போதுதான் அந்த வேலை வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அக்கராயன், துணுக்காய்ப் பக்கத்து மாடுகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கப் போகிறது. மருந்து மட்டுமட்டு. எந்தப் பட்டிக்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று சாணியைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சம்பளம், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மோட்டார் சைக்கிள். சாணி பார்க்கிறதுக்குக் கதிரை போடுகிற உலகம் ஒன்று இருக்கிறது என்று ஊருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் ஒரு சோதனை. முதலில் ஒரு பட்டியைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். வவுனியாவில் இருந்து பெரிய டொக்குத்தர் வந்து அதே மாடுகளைத் தானும் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்தால் வேலை இவனுக்கு. இல்லாவிட்டால் வேறு இடத்தில் இருந்து ஆள் வரும்.

அவன் என்னிடம் வந்தான். கையில் பன்னிரண்டு தீப்பெட்டி. எப்படிச் சேர்த்தானோ தெரியாது.

"அன்ரி, உங்கட பன்னிரண்டு உருப்படியையும்தான் பார்க்கப் போறன். விடியப்புறம் போடுற சாணி வேணும். நீங்களே எடுத்துத் தாங்கோ. என்னைக் கண்டால் உதைக்குதுகள்."

உதைக்காமல் என்ன செய்யும்? பின்னாலே மட்டும் வருகிறவனை எந்த மாடு நம்பும்?

"ஒவ்வொரு பெட்டியிலயும் எந்த மாடெண்டு எழுதுங்கோ."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்னுடைய பெயர் எழுதுவேன். ஆனால் பன்னிரண்டு மாட்டுக்கும் பன்னிரண்டு அடையாளம் போட எனக்குப் படிப்புத் தேவையில்லை. முறிகொம்புக்கு முறிந்த கொம்பு, குட்டைவாலுக்குக் குட்டை வால், நாம்பன் காளைக்கு இரண்டு பெரிய கொம்பு என்று கரித்துண்டால் கீறி முடித்தேன்.

அடுத்த நாள் விடிய, பெட்டிகளோடு பட்டிக்குள் நின்றபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தச் சாணி வவுனியா வரைக்கும் கதையாகப் போகப் போகிறது. வெள்ளைக்காரனும் வாசிக்கப் போகிறான். அக்கராயனில் எங்கள் பட்டி என்றால் ஒரு பெயர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்குக் கோயிலுக்குப் போகிற பால் எங்களுடையது. அதில் காரி மெலிந்து கிடக்கிறாள். குட்டைவாலுக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை. அந்தச் சாணியையா ஊருக்குக் காட்டுவது? வீட்டுக்கு ஆள் வந்தால் நல்ல கோப்பையில்தானே தேத்தண்ணி கொடுக்கிறோம்.

சிவலை என் பட்டிக்கு மகாராணி. தோல் எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். மற்ற மாடுகள் காட்டுப் பக்கம் காய்ந்த புல்லை மேய, சிவலையை மட்டும் நான் குளத்தடியில் பச்சைப் புல்லில் கட்டுவேன். சிவலை அன்றைக்குத் தாராளமாகப் போட்டிருந்தாள். பன்னிரண்டு பெட்டியையும் அதிலேயே நிரப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில், அவன் ஓடிவந்தான். முகம் எல்லாம் பல்லு.

"அன்ரி, இப்பிடி ஒரு பட்டியை நான் கண்டதே இல்லை."

"தெரியும்தானே" என்றேன்.

"பன்னிரண்டுக்கும் பூச்சி. ஒண்டு தப்பவில்லை. எல்லாத்திலயும் முட்டை குவிஞ்சு கிடக்கு. வாங்கோ, வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். முதலில் என்னுடைய கண்மடல் மயிர் தெரிந்தது. பிறகு வெள்ளரி விதை மாதிரி, வட்டத்துக்குள்ளே ஒன்றின்மேல் ஒன்று. என்னுடைய சிவலைக்குள்ளே. பன்னிரண்டு தடவை.

வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவன் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டான். ஊருக்குள் கதை அதற்கு முன்னமே போய்விட்டது. மணியக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பூச்சிப் பட்டிக்காரி, எப்பிடிச் சுகம்?" என்று கேட்டா. கோயிலில் இருந்து ஆள் வந்து, "இந்த வெள்ளி வேற இடத்தில பால் எடுக்கிறம் அம்மா, கோவிக்காதையுங்கோ" என்று சொல்லிப் போனார். மூன்று வெள்ளி நான் கோயிலுக்கே போகவில்லை.

பெரிய டொக்குத்தர் வந்த அன்று எங்கள் வளவில் திருவிழாக் கூட்டம். மனுசன் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாட்டிலும் தானே சாணி எடுத்தார். இவனுடைய நுணுக்குக்காட்டியை முற்றத்தில் வெயிலுக்கு வைத்துக் குனிந்தார். மத்தியானம் வரைக்கும் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"தம்பி, இந்தச் சிவலைக்கு நீர் எழுதினது சரி. மற்றப் பதினொண்டும் பிழை. அதுகளில சொல்லிக்கொள்ளிற அளவுக்குப் பூச்சி இல்லை. இதை நம்பி மருந்து குடுத்தால், தேவைப்பட்ட பட்டிக்கு மருந்து இருக்காது. கம்பசில இதுவோ படிச்சனீர்?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றா மணியக்கா. "மாடு நல்ல மாடு. பெடியன்தான் பிழை."

கூட்டம் தலையாட்டியது. கோயில்காரரும் தலையாட்டினார். என்னுடைய பட்டியின் பெயர் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: பேசாமல் நிற்பது.

செல்லம்மா வேப்பமரத்தடியில் நின்றாள். வயலில் இருந்து பாதியில் வந்தவள், கையில் சேறு. அழவில்லை. மகனைப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோகிற முழங்காலோடு வயல் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"செல்லம்மா, நில்" என்றேன்.

நின்றாள்.

"டொக்குத்தர் ஐயா, பிழை பெடியனில இல்லை. பெட்டியில. பன்னிரண்டும் சிவலையின்ர."

பெரிய டொக்குத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் அம்மா அப்பிடிச் செய்தனியள்?"

"ஊருக்குக் காட்டிறதெண்டால் ஆரும் நல்லதைத்தானே காட்டுவினம்."

"இந்தச் சிவலையை எங்க மேய விடுறனியள்?"

"குளத்தடியில. ஈரப் புல்லில. மற்றதுகளுக்கு அந்தக் குடுப்பினை இல்லை."

"அம்மா, பூச்சிக் குஞ்சு இருக்கிறது அந்த ஈரப் புல்லிலதான். காஞ்ச புல்லில அதுகள் செத்துப்போம். நீங்கள் செல்லம் குடுத்த மாடு ஒண்டுக்குத்தான் வருத்தம்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மணியக்கா வேலிக்கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டா. நான் தலை குனியவில்லை. குனிந்திருந்தால் நல்லது என்று பிறகு நினைத்தேன்.

பெரிய டொக்குத்தர் சிரிக்கவில்லை. இவனிடம் திரும்பினார். "பன்னிரண்டு பெட்டியிலயும் ஒரே மாதிரி முட்டை, கிட்டத்தட்ட ஒரே அளவு. உமக்குச் சந்தேகம் வரேல்லையோ? உம்மட கொப்பியைத் தாரும்."

அவன் கொடுக்க விரும்பவில்லை. கையைப் பின்னாலே கட்டிக்கொண்டு நின்றான். அவர் மேசையில் கிடந்ததைத் தானே எடுத்தார். பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். எல்லாம் இங்கிலீசு, இந்த இரண்டு வரி மட்டும் தமிழாம். சத்தமாக வாசித்தார்.

"'பன்னிரண்டும் ஒரே மாட்டின் சாணி போலத் தெரிகிறது. திரும்ப எடுக்க வேண்டும்.' இதை எழுதிப்போட்டுக் குறுக்கால வெட்டியிருக்கிறீர். கீழ என்ன? 'அன்ரி பொய் சொல்லமாட்டா.'"

சனத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சிவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். எங்காவது கை வைக்க வேண்டியிருந்தது.

"உம்மட கண் சரி" என்றார் பெரிய டொக்குத்தர். "கண்ணில தெரிஞ்சதை இனி ஆருக்காகவும் வெட்டாதையும். வாற முதலாம் திகதி வேலைக்கு வாரும்."

செல்லம்மா அப்போதுதான் அழுதாள். சேற்றுக் கையோடு வந்து என் கையைப் பிடித்தாள். நன்றி சொன்னாளோ, திட்டினாளோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருந்தது. அந்தப் போகத்தோடு அவள் வயலில் இறங்குவதை விட்டாள். சிவலை மருந்து குடித்து, மற்ற மாடுகளோடு காய்ந்த புல் மேயப் போனாள். முதல் ஒரு கிழமை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகாராணிகள் அப்படித்தான்.

அடுத்த மாதம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மருந்து வேலை செய்ததா என்று திரும்பப் பார்க்க வேண்டுமாம். இந்த முறை அவனே பட்டிக்குள் வந்து எடுப்பான், இல்லாவிட்டால் வேறு ஆளை விட்டு எடுப்பிப்பான் என்றுதான் நினைத்தேன். எடுப்பித்திருந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் பன்னிரண்டு தீப்பெட்டியை என் கையில் தந்தான்.

"விடியப்புறச் சாணி அன்ரி. நாளைக்கு வந்து எடுக்கிறன்."

"நீ நிண்டு பார்க்கேல்லையோ?"

"எனக்குத் துணுக்காயில வேலை கிடக்கு" என்று சொல்லி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

பன்னிரண்டு மாட்டிலும் எடுத்தேன். பதினொன்று சும்மா நின்றது. நாம்பன் மட்டும் கிட்ட விடவில்லை. சிவலையின் சாணி அங்கேயே, காலடியில், ஆவி பறக்கக் கிடந்தது. நான் நாம்பனுக்குப் பின்னாலே போனேன். ஒரு உதைதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழித்துவிட்டான். பெட்டியை நிரப்பி, இரண்டு பெரிய கொம்பு கீறிய பிறகுதான் காலைப் பார்த்தேன்.

அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாரி தொடங்கினால் உளையும். எண்ணெய் போட்டு உரஞ்சிவிடட்டோ என்று மகள் கேட்பாள். வேண்டாம், அது இருக்கட்டும் என்பேன்.